மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) கோப்புகளைச் சுருக்கப் போகிறீர்களா? பழையதை அழிக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

ஸ்கேன் சென்டரிலோ மருத்துவமனையிலோ படங்களைச் சேமிக்கும் பேக்ஸ் சர்வரைப் பார்த்துக்கொள்கிற ஆளாக இருந்தால், இன்றைக்கு இல்லாவிட்டாலும் ஒருநாள் உங்கள் டிஸ்க் நிறையத்தான் போகிறது. அன்றைக்கு யாராவது வந்து, "மேமோகிராம்தான் சார் இடத்தை அடைக்குது, சுருக்கிடலாம்" என்பார்கள். சுருக்கலாம், அதில் தப்பே இல்லை. எப்படிச் சுருக்கப் போகிறார்கள் என்று கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதைத்தான் நான் மாதக்கணக்கில் தனியாக உட்கார்ந்து அனுபவித்தேன். அந்த நேரத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்கு ஒருவரும் கிடைக்கவில்லை. எனக்கு நடந்ததை அப்படியே வரிசையாகச் சொல்கிறேன், இடையிடையே என்ன பார்க்க வேண்டும் என்பதையும் சேர்த்து.

நான் அந்த வேலைக்குப் போனபோது காரியம் ஏற்கெனவே முடிந்திருந்தது. சர்வரில் இடம் இல்லை என்று மென்பொருள் கொடுத்த நிறுவனத்தைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவர்கள் ஆள் அனுப்பி, ஒரு வருடத்துக்கு மேல் பழைய மேமோகிராம்களை எல்லாம் சுருக்கி, பாதிக்கு மேல் இடத்தைக் காலி செய்து கொடுத்திருக்கிறார்கள். புது டிஸ்க் வாங்கும் செலவு மிச்சம் என்று ஓனருக்கு நிம்மதி. என்ன முறையில் சுருக்கினார்கள், மூலக் கோப்புகள் எங்கே என்று எதுவும் எழுதி வைக்கப்படவில்லை. என்னிடம் பொறுப்பை ஒப்படைத்தவரும் "டிஸ்க் பிரச்சினை தீர்ந்தது" என்ற ஒரு வரியோடு முடித்துக்கொண்டார்.

விஷயம் வெளியே வந்தது ரிப்போர்ட் எழுதும் அறையில். ரேடியாலஜிஸ்ட் மேடம் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "தம்பி, போன தடவை எடுத்த படம் ஏன் மெழுகு பூசின மாதிரி இருக்கு? மானிட்டர்ல ஏதாவது கோளாறா?" என்று கேட்டார். இரண்டு 5 மெகாபிக்சல் மானிட்டர்கள். ஒன்றில் அன்றைக்கு எடுத்த படம், மற்றதில் அதே பெண்மணியின் முந்தைய படம். இரண்டு படங்களையும் மானிட்டர் மாற்றிப் போட்டுப் பார்த்தேன், மெழுகும் படத்தோடு கூடவே மாறியது. பிறகு அவர் ஓர் இடத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். புதுப் படத்தில் திசுக்களின் இழை தெரிகிறது, நடுவில் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள் ஒரு கூட்டமாக நிற்கின்றன. பழைய படத்தில் அதே இடத்தில் லேசான மங்கல் மட்டும். இழையும் இல்லை, புள்ளியும் இல்லை.

மருத்துவம் படிக்காத எனக்கு அதன் கனம் உடனே புரியவில்லை. மேடம்தான் பொறுமையாகச் சொன்னார். அந்தப் புள்ளிகள் கால்சியப் படிவுகள். பெரும்பாலும் பயப்பட ஒன்றுமில்லாதவை. ஆனால் சில வடிவங்களில் கூட்டமாக வந்தால் ஆரம்பநிலைப் புற்றுநோயின் முதல் அடையாளமாக இருக்கக்கூடும். பல வருடமாக மாறாமல் அப்படியே இருந்தால் சந்தேகம் குறையும், புதிதாக முளைத்திருந்தால் கூடும். அதனால்தான் பழைய படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். இப்போது கேள்வி, அந்தப் புள்ளிகள் முன்பு இல்லவே இல்லையா, அல்லது இருந்ததைச் சுருக்கம் துடைத்துவிட்டதா? படத்தைப் பார்த்து யாராலும் பதில் சொல்ல முடியவில்லை. அந்த அம்மாவுக்குக் கூடுதலாக மேக்னிஃபிகேஷன் படங்கள் எடுத்தார்கள், அதன் பிறகு ஊசி வைத்துத் திசு எடுத்து அனுப்பினார்கள். முடிவு நல்லபடியாகத்தான் வந்தது. வருகிற வரைக்கும் அவர் எப்படித் தூங்கியிருப்பார் என்று யோசித்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. பழைய படம் ஒழுங்காக இருந்திருந்தால் அந்த ஊசியே ஒருவேளை தேவைப்பட்டிருக்காது.

மேமோகிராம் மட்டும் ஏன் இவ்வளவு நாசூக்கானது என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். இயந்திரத்தைப் பொறுத்து ஒரு பிக்சல் 50 முதல் 100 மைக்ரான் வரை இருக்கும். 70 மைக்ரான் என்று வைத்துக்கொள்வோம். 0.2 மில்லிமீட்டர் புள்ளி ஒன்று மூன்று பிக்சல் அகலம்தான் வரும், 0.1 மில்லிமீட்டர் என்றால் ஒன்றரை பிக்சல். சாதாரண ஜேபெக் சுருக்கம் படத்தை எட்டுக்கு எட்டு பிக்சல் கட்டங்களாக வெட்டித்தான் வேலை செய்கிறது. அந்த ஒரு கட்டமே இங்கே 0.56 மில்லிமீட்டர். அதாவது டாக்டர் தேடுகிற பொருள் ஒரு கட்டத்துக்குள் முழுசாக அடங்கிவிடும். ஜேபெக் 2000 கட்டம் போடாது, அலைகளாகப் பிரித்துக்கொள்ளும். இடம் போதாதபோது முதலில் நுணுக்கமான, மெல்லிய அலைகளை உதறும். புள்ளியும் நுணுக்கம்தான், படத்தில் மணல் தூவினாற்போலத் தெரியும் இரைச்சலும் நுணுக்கம்தான். எது எது என்று அந்த அல்காரிதத்துக்குத் தெரியாது. மேடம் மெழுகு என்று சொன்னது இதைத்தான். இரைச்சல் போய்விட்டதால் படம் பார்க்க முன்பைவிட 'சுத்தமாக' இருக்கும், அதுதான் இதில் மோசம்.

இனி கோப்பின் அளவு. 24க்கு 29 சென்டிமீட்டர் டிடெக்டரில் (படத்தைப் பிடிக்கும் தட்டில்) 70 மைக்ரான் பிக்சல் என்றால் படம் 3328க்கு 4096. பிக்சலுக்கு இரண்டு பைட் வீதம் ஒரு படம் சுமார் 27 எம்பி. ஒரு பக்கத்துக்கு இரண்டு கோணம், இரண்டு பக்கத்துக்கு நான்கு படம், ஆக ஒரு சாதாரண பரிசோதனையே 100 எம்பியைத் தாண்டும். இயந்திரம் பதப்படுத்தாத மூலப் படத்தையும் சேர்த்து அனுப்பினால் இரட்டிப்பு. இடம் அடைப்பது உண்மைதான், அதை மறுக்கவில்லை.

நிறுவனத்துக்குப் போன் போட்டுக் கேட்டேன். "விஷுவலி லாஸ்லெஸ்தான் சார் போட்டிருக்கோம், கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது" என்றார்கள். இந்தப் பதிலை நீங்களும் கேட்பீர்கள், ஏமாந்துவிடாதீர்கள். லாஸ்லெஸ் என்றால் பிரித்துப் பார்க்கும்போது ஒவ்வொரு பிக்சலும் பழைய எண்ணோடு அச்சு அசலாகப் பொருந்த வேண்டும். முன்னால் 'விஷுவலி' என்று ஒட்டிவிட்டால் அது லாஸி, எதையோ தூக்கிப் போட்டிருக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாது என்கிறார்களே, எந்தக் கண்ணுக்கு, எந்த மானிட்டரில், எவ்வளவு பெரிதாக்கி, கான்ட்ராஸ்டை எங்கே வைத்து? லேப்டாப்பில் முழுப் படமாகப் பார்த்தால் எனக்குக்கூட வித்தியாசம் தெரியவில்லை. ரேடியாலஜிஸ்ட் அப்படிப் பார்ப்பதில்லை, ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு பிக்சல் பிக்சலாகத் துருவுவார்.

'குவாலிட்டி 100 வைத்தோம், அதனால் ஒன்றும் இழக்கவில்லை' என்பது இன்னொரு கதை. வழக்கமான ஜேபெக்கில் 100 வைத்தாலும் கணக்கின் நடுவே எண்கள் முழுமையாக்கப்படும், அசல் திரும்பி வராது. அதைவிடப் பெரிய அடி, அந்த ஜேபெக் 8-பிட் மட்டுமே தாங்கும். மேமோகிராம் 12 அல்லது 14 பிட்டில் இருக்கும். 4096 அல்லது 16384 சாம்பல் படிகளில் இருந்த படத்தை 256 படிகளுக்குள் திணித்த பிறகு குவாலிட்டியை எங்கே வைத்தால் என்ன?

சரி, நம் சர்வரில் இருப்பது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மருத்துவப் படங்களுக்கான பொதுவான கோப்பு வடிவம் டைகாம். அந்த டைகாம் கோப்பின் தலைப்பகுதியில், பிக்சல்கள் எந்த முறையில் சேமிக்கப்பட்டிருக்கின்றன என்று சொல்லும் டிரான்ஸ்ஃபர் சின்டாக்ஸ் என்று ஓர் எண் இருக்கும். இலவசமாகக் கிடைக்கும் டிசிஎம்டிகே, ஜிடிசிஎம் போன்ற கருவிகளில் எதை வைத்தும் பார்க்கலாம். எண் 1.2.840.10008.1.2 என்று தொடங்கும், அதன் வால்தான் முக்கியம். 1.2.840.10008.1.2.4.70 என்று முடிந்தால் லாஸ்லெஸ் ஜேபெக், கவலை இல்லை. 4.57ம் அப்படியே. 4.80 ஜேபெக்-எல்எஸ் லாஸ்லெஸ், 4.90 ஜேபெக் 2000 லாஸ்லெஸ், இவையும் பாதுகாப்பு. 4.50, 4.51 இரண்டும் லாஸி. 4.81 கிட்டத்தட்ட லாஸ்லெஸ் என்ற வகை, அதாவது ஒரு சின்ன எல்லைக்குள் பிழையை அனுமதிப்பது. தலைவலி கொடுப்பது 4.91. அதற்குள் லாஸ்லெஸும் இருக்கலாம், லாஸியும் இருக்கலாம், எண்ணை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. எங்கள் பழைய மேமோகிராம்களில் பெரும்பகுதி 4.91 தான்.

அப்போது பார்க்க வேண்டியது (0028,2110) என்ற டேக், அதாவது தலைப்பகுதியில் உள்ள ஒரு விவரக் குறிப்பு. அதில் 01 என்று இருந்தால் அந்தப் படம் வாழ்நாளில் ஒருமுறையாவது லாஸியாகச் சுருக்கப்பட்டிருக்கிறது. பிறகு விரித்து வைத்தாலும் அந்த 01ஐ மாற்றக்கூடாது என்பது டைகாம் விதி. எத்தனை மடங்கு சுருக்கினார்கள் என்பது (0028,2112)ல், எந்த முறை என்பது (0028,2114)ல் இருக்கும். எங்கள் கோப்புகளில் ஒரு தொகுதியில் இவை ஒழுங்காக இருந்தன. இன்னொரு தொகுதியை ஏதோ ஒரு கட்டத்தில் திரும்ப விரித்து, சுருக்காத கோப்பாகச் சேமித்திருக்கிறார்கள். டிரான்ஸ்ஃபர் சின்டாக்ஸ் பார்த்தால் சுத்தம், 27 எம்பி முழுசாக இருக்கிறது, 2110 டேக்கே காணோம். உள்ளே இருப்பதோ அதே மெழுகு. அதைக் கண்டுபிடித்த அன்றுதான் எனக்கு உண்மையிலேயே பயம் வந்தது. கோப்பின் தலைப்பையே நம்ப முடியாது என்றால் ஆயிரக்கணக்கான படங்களை எதை வைத்துப் பிரிப்பது?

ஒரு வழி கிடைத்தது, தற்செயலாக. படத்தின் ஓரத்தில் எந்தப் பக்கம், எந்தக் கோணம் என்று காட்டும் மார்க்கர் எழுத்து எங்கள் இயந்திரத்தில் படத்திலேயே பதிந்து வரும். எழுத்துக்கு வெளியே சுற்றிலும் வெறும் காற்று, ரிப்போர்ட்டுக்கு வரும் பதப்படுத்திய படத்தில் அந்த இடத்தின் பிக்சல்கள் அத்தனையும் சரியாகப் பூஜ்ஜியம். சுருக்கம் தொடாத படத்தில் எழுத்தின் விளிம்பு கத்தி மாதிரி வெட்டி நிற்கும், அடுத்த பிக்சல் பூஜ்ஜியம். கான்ட்ராஸ்டை ஒரேயடியாக ஏற்றிவிட்டு லாஸி படத்தைப் பார்த்தால் எழுத்தைச் சுற்றி மெல்லிய அலை ஓடியிருக்கும், 3, 7, 2 என்று பூஜ்ஜியமாக இருக்க வேண்டிய இடத்தில் எண்கள் சிதறிக் கிடக்கும். மார்பகத்தின் தோல் விளிம்பிலும் இதே அலை தெரியும். இதைத் தேடுகிற சின்ன ஸ்கிரிப்ட் ஒன்று எழுதி இரவெல்லாம் ஓடவிட்டேன். 8-பிட் வழியாகப் போய்வந்த படங்களுக்கு வேறு அடையாளம். எந்தச் சாம்பல் மதிப்பு எத்தனை பிக்சலில் இருக்கிறது என்று காட்டும் ஹிஸ்டோகிராம் போட்டால் சீப்பின் பற்கள்போல் இடைவெளி விட்டு விட்டு நிற்கும், மொத்தமே 256 மதிப்புக்கு மேல் தேறாது. எங்களிடம் அந்த வகை கொஞ்சம்தான்.

பட்டியல் கையில் வந்த பிறகு ஓனரிடம் போனேன். முதலில் அவர் நம்பவில்லை. "எல்லா இடத்திலும் சுருக்கத்தானே செய்றாங்க?" என்றார். நியாயமான கேள்விதான். அமெரிக்காவில் மேமோகிராபியின் தரத்துக்கென்றே 1992ல் ஒரு சட்டம் வந்தது. அதன்படி அங்கே இறுதி ரிப்போர்ட் எழுதவும், சேமித்து வைக்கவும் அசல் படமோ லாஸ்லெஸாகச் சுருக்கிய படமோதான் பயன்பட வேண்டும் என்று எஃப்டிஏ (அங்கே மருந்து, மருத்துவக் கருவிகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்பு) சொல்கிறது. சேமிக்கும் காலம் குறைந்தது 5 வருடம், அதே இடத்தில் அந்தப் பெண்ணுக்கு அடுத்த மேமோகிராம் எடுக்கப்படவில்லை என்றால் 10 வருடம். எல்லா நாட்டிலும் இவ்வளவு கறார் கிடையாது. கனடாவில் ரேடியாலஜிஸ்ட்டுகளின் சங்கமே மேமோகிராமுக்குக் குறிப்பிட்ட மடங்கு வரை லாஸி சுருக்கத்தை அனுமதிக்கும் வழிகாட்டுதல் போட்டிருக்கிறது. ஆகவே லாஸி என்றாலே பாவம் என்று நான் சொல்ல வரவில்லை. அங்கே ரேடியாலஜிஸ்ட்டுகள் பார்த்து, சோதித்து, ஒப்புக்கொண்டு எல்லை வைத்தார்கள். எங்கள் சென்டரில் ஒரு டெக்னீஷியன் செட்டிங்ஸ் பக்கத்தில் ஓர் எண்ணைத் தட்டிவிட்டுப் போனார், ரேடியாலஜிஸ்ட்டிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்த 'மடங்கு' கணக்கையும் ஒரு நிமிடம் பார்த்துவிடலாம், இதில்தான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். மேமோகிராமில் படத்தின் பாதியோ அதற்கு மேலோ வெறும் காற்றாக இருக்கும். பூஜ்ஜியங்களைச் சுருக்குவது சுலபம், இடமே பிடிக்காது. அதனால் சிறிய மார்பகத்தின் படம் பெரிய டிடெக்டரில் எடுக்கப்பட்டிருந்தால் லாஸ்லெஸிலேயே நல்ல மடங்கு கிடைக்கும். ஃப்ரேமை நிறைக்கும் பெரிய, அடர்த்தியான மார்பகம் என்றால் அதே முறையில் பாதியாவதே கஷ்டம். இப்போது எல்லாப் படத்துக்கும் கண்ணை மூடிக்கொண்டு ஒரே மடங்கு என்று வைத்தால், காற்று அதிகமுள்ள படம் தப்பித்துவிடும், திசு அதிகமுள்ள படம்தான் மொத்த அடியையும் வாங்கும். அடர்த்தியான மார்பகம்தான் படிக்கவே சிரமமானது. எங்கள் பட்டியலிலும் மோசமாகக் கெட்டுப்போனவை அந்த வகைப் படங்கள்தான்.

மீட்கும் வேலை இழுத்தது. ஒருமுறை லாஸியாகப் போன படத்திலிருந்து அசலைத் திரும்பக் கொண்டுவர எந்த மென்பொருளாலும் முடியாது. முடியும் என்று ஒரு ஆள் வந்தார், பார்த்தால் கூர்மையாக்கும் ஃபில்டர். இல்லாத புள்ளியை உண்டாக்கிக் காட்டும் ஆபத்து அதில் வேறு உண்டு, அனுப்பிவிட்டோம். ஆக ஒரே வழி, அசலின் பிரதி வேறு எங்காவது கிடக்கிறதா என்று தேடுவது. மேமோகிராம் இயந்திரத்தின் சொந்த டிஸ்க்கில் சில வாரங்களுக்கான படங்கள்தான் நிற்கும், பழையதன் மேல் புதியது எழுதப்பட்டுவிடும். அங்கே ஒன்றும் கிடைக்கவில்லை. இரவு ரிப்போர்ட்டுக்காக வெளியே அனுப்பிய படங்கள் அந்த டெலிரேடியாலஜி சர்வரில் ஒரு பகுதி இருந்தன. மார்பகப் படங்களைக் கணினியே முதலில் அலசும் கேட் சர்வரில் பதப்படுத்தாத மூலப் படங்கள் கொஞ்சம் மிஞ்சியிருந்தன. மற்றபடி எங்களைக் காப்பாற்றியது நோயாளிகள் கையில் கொடுத்திருந்த சிடிகள். ஒவ்வொருவருக்கும் போன் செய்து, அடுத்த முறை வரும்போது பழைய சிடியைக் கொண்டுவரச் சொன்னோம். எதற்கு என்று கேட்டவர்களிடம் உள்ளதை உள்ளபடி சொன்னோம். ஒரு சிலர் சத்தம் போட்டார்கள், போட வேண்டியதுதானே. அலமாரியில் பத்திரமாக வைத்திருந்து கொண்டுவந்தவர்களும் உண்டு. சில சிடிகளில் டைகாம் கோப்பு இல்லாமல் வெறும் ஜேபெக் படம் மட்டும் எழுதியிருந்தார்கள், அது எதற்கும் உதவவில்லை. கடைசியில் ஒரு பெரிய பங்கு மீளவே இல்லை. அந்தப் படங்கள் ஒவ்வொன்றிலும், ஒப்பிடும் தரத்தில் இல்லை என்ற குறிப்பைச் சேர்க்கச் செய்தோம். ரிப்போர்ட் எழுதுகிறவராவது ஏமாறாமல் இருக்கட்டும்.

மீட்ட படங்களைத் திரும்ப ஏற்றும்போது ஒரு கண்ணி காத்திருந்தது, அதைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். ஒவ்வொரு டைகாம் படத்துக்கும் உலகத்தில் வேறெதற்கும் இல்லாத ஓர் அடையாள எண் உண்டு. லாஸியாகச் சுருக்கி மூலத்தின் இடத்தில் வைக்கும்போது அதற்குப் புது எண் கொடுத்திருக்க வேண்டும். இங்கே பழைய எண்ணையே விட்டிருந்தார்கள். நான் சிடியிலிருந்து அசலை ஏற்றினேன், சர்வர் 'வெற்றி' என்றது. திறந்து பார்த்தால் மெழுகு. அந்த எண்ணில் ஏற்கெனவே ஒரு படம் இருப்பதால், வந்ததைச் சத்தமில்லாமல் கீழே போட்டுவிட்டு வெற்றி என்று பதில் சொல்லியிருக்கிறது. சந்தேகப்பட்டு ஒன்றைத் திறந்து பார்த்ததால் பிழைத்தேன். அதற்கு முன் ஏற்றியதை எல்லாம் மறுபடி செய்ய வேண்டி வந்தது. கெட்ட பிரதியைத் தனி டிஸ்க்கில் எடுத்து வைத்து, சர்வரிலிருந்து நீக்கி, அதன் பிறகுதான் அசலை ஏற்ற வேண்டும். ஏற்றியதும் திரும்ப இறக்கிப் பிக்சலை ஒப்பிட்டுப் பார்க்காமல் அடுத்த கோப்புக்குப் போகாதீர்கள்.

இவ்வளவுக்கும் பிறகு டிஸ்க் மறுபடி நிறைந்தது, சுருக்கித்தான் ஆக வேண்டியிருந்தது. இந்த முறை நானே செய்தேன். ஜேபெக்-எல்எஸ், ஜேபெக் 2000 லாஸ்லெஸ் இரண்டும் எங்கள் படங்களில் 4.70ஐவிடக் கொஞ்சம் சிறிதாக்கின. இருந்தாலும் நான் 4.70ஐத்தான் எடுத்தேன். காரணம், அது கிட்டத்தட்ட எல்லா வியூவரிலும் (டைகாம் படத்தைத் திறந்து காட்டும் மென்பொருளிலும்) திறக்கும். சில மெகாபைட் மிச்சம் பிடிக்கப் போய், நோயாளி வேறு மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் சிடி அங்கே திறக்காமல் போனால் யாருக்கு லாபம்? உங்கள் சூழலில் எல்லாம் புது மென்பொருள் என்றால் மற்ற இரண்டும் நல்ல தேர்வுதான், முதலில் உங்களிடம் உள்ள ஒவ்வொரு வொர்க்ஸ்டேஷனிலும் திறந்து பாருங்கள். லாஸ்லெஸில் எங்களுக்கு மொத்த அளவு பழையதில் மூன்றில் ஒரு பங்குக்குப் பக்கத்தில் வந்தது. இதில் மாயம் ஒன்றுமில்லை. 12 பிட் தகவலை 16 பிட் இடத்தில் வைப்பதாலேயே கால்வாசி இடம் சும்மா கிடக்கிறது, மீதியைக் காற்று கொடுத்துவிடுகிறது. பத்து மடங்கு லாஸ்லெஸ் என்று எவராவது எல்லாப் படத்துக்கும் உத்தரவாதம் கொடுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். ஏற்கெனவே லாஸ்லெஸாகச் சுருக்கிய கோப்பை ஜிப் செய்தும் பெரிதாக ஒன்றும் தேறாது.

சரிபார்க்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். சுருக்கிய கோப்பையும் மூலக் கோப்பையும் எஸ்ஹெச்ஏ-256 (கோப்பின் கைரேகை மாதிரியான ஓர் எண்) போட்டு ஒப்பிட்டால் பொருந்தவே பொருந்தாது, தலைப்பு மாறியிருக்கும். இரண்டையும் விரித்து, பிக்சல் தகவலை மட்டும் தனியே எடுத்து, அதற்கு எஸ்ஹெச்ஏ போட வேண்டும். அது அச்சாகப் பொருந்தினால்தான் லாஸ்லெஸ். சுருக்கிய கருவியிலேயே விரித்துச் சோதிப்பதைவிட வேறொரு கருவியில் விரித்துச் சோதிப்பது மேல். ஒரே கருவியில் பிழை இருந்தால் போகும்போதும் வரும்போதும் அதே பிழை ஒன்றையொன்று மறைத்துவிடலாம். மாதிரிக்கு நாலு படம் எடுத்துப் பார்த்தால் போதாது, எல்லாப் படத்துக்கும் ஓடவிடுங்கள். மனிதன் செய்யப் போகிறானா என்ன, கணினிதானே. எல்லாம் பொருந்திய பிறகும் மூலங்களை உடனே அழிக்காதீர்கள். இரவல் டிஸ்க்கிலாவது சில மாதம் வைத்திருந்து, ரேடியாலஜிஸ்ட் அன்றாட வேலையில் அந்தப் படங்களைப் பயன்படுத்திப் பார்த்த பிறகு அழியுங்கள். எங்களுக்கு வந்த வினை, சுருக்கியதும் மூலத்தை அழித்ததும் ஒரே ராத்திரியில் நடந்தது.

டோமோசிந்தஸிஸ் வைத்திருப்பவர்களுக்கு இடப் பிரச்சினை இன்னும் பெரிது. மார்பகத்தை மில்லிமீட்டருக்கு ஒன்றாக அடுக்கடுக்காகக் காட்டும் முறை அது. ஒரு கோணத்துக்கே ஐம்பது அறுபது அடுக்கு வரும், கோப்பு நூற்றுக்கணக்கான எம்பியைத் தொடும். இங்கே சுருக்கத்தைக் கூட்டுவதைவிட, எதை வைத்திருக்க வேண்டும் என்று ரேடியாலஜிஸ்ட்டோடு உட்கார்ந்து முடிவு செய்வதுதான் அதிகம் உதவும். நாங்கள் தேடியபோது ஒரே பரிசோதனை இயந்திரத்திலிருந்து ஒருமுறையும் வொர்க்ஸ்டேஷனிலிருந்து இன்னொரு முறையும் வந்து இரண்டாகக் கிடந்தது. அசைந்துவிட்டதால் திரும்ப எடுத்த படங்களின் முதல் பிரதிகளும் அப்படியே இருந்தன. அவற்றை ஒழித்ததிலேயே நல்ல இடம் கிடைத்தது, ஒரு பிக்சலையும் தொடவில்லை. பதப்படுத்தாத மூலப் படங்களை வைப்பதா வேண்டாமா என்பதில் எங்களுக்குள் வாக்குவாதம் வந்தது. ரிப்போர்ட்டுக்கு அது தேவைப்படாது, கேட் மென்பொருளுக்கும் பின்னாளில் புது முறையில் பதப்படுத்திப் பார்க்கவும் அதுதான் வேண்டும். சமீபத்திய இரண்டு சுற்றுக்கு மட்டும் வைப்பது என்று முடிவானது. இன்னொன்று, சில பழைய இயந்திரங்கள் டோமோ அடுக்குகளை அந்தந்த நிறுவனத்துக்கே உரிய பொதியில் வைத்து அனுப்பும், வேறு எந்த வியூவரும் அதைத் திறக்காது. டைகாமில் மார்பக டோமோவுக்கென்றே பொதுவான வடிவம் இருக்கிறது. இயந்திரத்தின் அமைப்பில் அதைத் தேர்ந்தெடுக்க முடிகிறதா என்று பாருங்கள், முடிந்தால் இன்றே மாற்றுங்கள்.

நோயாளியாகவோ நோயாளியின் வீட்டாராகவோ இதைப் படிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பரிசோதனை முடிந்ததும் டைகாம் கோப்புகள் உள்ள சிடியோ பென் டிரைவோ கேட்டு வாங்குங்கள், பிலிமும் ரிப்போர்ட்டும் மட்டும் போதாது. அதைக் கணினியில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள், சிடிக்கும் ஆயுசு உண்டு. இன்னொரு டாக்டருக்கு அனுப்பும்போது திரையைப் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பாதீர்கள். போட்டோவாகப் போனால் வாட்ஸப்பும் தன் பங்குக்குச் சுருக்கிவிடும், எந்தப் பக்கத்து மார்பகம், என்ன அளவு என்ற விவரமும் போய்விடும். சிடியில் உள்ள முழு ஃபோல்டரையும் ஜிப் செய்து டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், ஜிப்பில் எதுவும் இழக்காது. கோப்பில் பெயரும் பிறந்த தேதியும் இருக்கும் என்பதால் குடும்பக் குழுவில் போட வேண்டாம்.

எங்கள் கணக்கை முடித்துப் பார்த்தபோது, அன்றைக்கு மிச்சம் பிடித்த டிஸ்க் செலவைவிடப் பல மடங்கு போய்விட்டது. ஆட்களின் நேரம், கட்டணம் வாங்காமல் செய்துகொடுத்த மறுபரிசோதனைகள், கடைசியில் எப்படியும் வாங்கிய அதே டிஸ்க். மென்பொருள் நிறுவனம் ஒப்பந்தத்தைக் காட்டியது. 'படச் சுருக்க வசதி உண்டு' என்று ஒரு வரி இருந்தது, என்ன சுருக்கம் என்று இல்லை. புது ஒப்பந்தத்தில் நாங்கள் நான்கு விஷயங்களை எழுத்தில் வாங்கிவிட்டோம். மார்பகப் படங்கள் எந்த டிரான்ஸ்ஃபர் சின்டாக்ஸில் சேமிக்கப்படும் என்பது எண்ணோடு. ரேடியாலஜிஸ்ட் கையெழுத்து இல்லாமல் லாஸி அமைப்புக்கு யாரும் மாற்ற முடியாது என்பது. பிக்சல் சரிபார்ப்பு அறிக்கை வராமல் மூலங்கள் அழிக்கப்படாது என்பது. நிறுவனத்தை விட்டு விலகினால் எல்லாப் படங்களும் பொதுவான டைகாம் வடிவில் திரும்பக் கிடைக்கும் என்பது. கடைசி வரிக்குத்தான் அவர்கள் அதிகம் முரண்டு பிடித்தார்கள். அதற்காகவே அந்த வரியில் நாங்கள் விட்டுக்கொடுக்கவில்லை.